கூட வேலை செய்பவர்களைத் திடப்படுத்துவது எப்படி? வசனம் அனுப்பினால் போதுமா?

பிப்ரவரி 3, காலை (வாசகர் கேள்வி)

எங்கள் அலுவலக வாட்ஸாப் குழுவில் தினமும் காலையில் ஒரு வசனம் போடுகிறேன். குழுவில் எல்லா மதத்தவரும் இருக்கிறார்கள். யாரும் எதுவும் சொல்வதில்லை. போன வாரம் மேனேஜர் கூப்பிட்டு, இது வேலைக்கான குழு, இனி வேண்டாம் என்றார். கர்த்தருக்காகச் செய்வதை மனிதர் சொல்லி நிறுத்தலாமா? கூட வேலை செய்பவர்களுக்கு ஒரு கிறிஸ்தவனாக ஆறுதலாக இருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பிப்ரவரி 3, இரவு

நிறுத்திவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அந்தக் குழுவை நிர்வாகம் வேலைக்காக ஏற்படுத்தியிருக்கிறது. அதில் எது வரலாம், எது வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பு மேனேஜருக்கு இருக்கிறது. உங்கள் விசுவாசத்தின்மேல் அவர் கை வைக்கவில்லை.

உங்கள் கடைசி வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வழி நிறைய இருக்கிறது. ஆதியாகமம் 40 எடுத்து வாசியுங்கள். யோசேப்பு செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் இருக்கிறான். பார்வோனின் கோபத்துக்கு ஆளான இரண்டு அதிகாரிகளைக் கவனிக்கும் வேலை அவனுக்குத் தரப்படுகிறது. ஒரு நாள் காலையில் உள்ளே போனவன் அவர்கள் முகம் வாடியிருப்பதைப் பார்த்து, இன்றைக்கு ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறான். சொப்பனத்துக்கு அர்த்தம் சொன்னது, பிறகு அரண்மனைக்குப் போனது எல்லாமே அந்த விசாரிப்பிலிருந்து தொடங்கியவை. முகம் மாறியிருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டுமானால், முந்தின நாளும் அதற்கு முந்தின நாளும் அவன் அந்த முகங்களைப் பார்த்திருக்க வேண்டும். அவனுக்கே துக்கம் எவ்வளவோ இருந்தது. அண்ணன்மார் விற்றுப்போட்டார்கள், எஜமானின் மனைவி பொய் சொன்னாள். அப்படிப்பட்டவன் பக்கத்திலிருப்பவன் முகத்தைக் கவனிக்கிறான்.

ஆகவே வசனம் போட எடுத்துக்கொண்ட அந்தக் காலை நேரத்தில், உங்கள் வரிசையில் உட்காருபவர்களின் முகத்தைப் பாருங்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பிப்ரவரி 4

ஒரு சகோதரர் கேட்கிறார்: முகம் பார்த்து விசாரிப்பதை விசுவாசியல்லாதவர்களும் செய்கிறார்களே, இதில் கிறிஸ்தவம் எங்கே இருக்கிறது?

அவர்களும் செய்யட்டும், சந்தோஷம். நல்ல சமாரியன் உவமையில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கியது யார், விலகிப் போனது யார் என்பது நமக்குத் தெரியும். ஆசாரியனும் லேவியனும் தேவாலயக்காரர்கள். தூக்கியவனோ யூதர்கள் ஒதுக்கிவைத்த இனத்தான். இயேசு அந்தக் கதையை நம்மைப் போன்றவர்களை உட்கார வைத்துத்தான் சொன்னார்.

பிப்ரவரி 6

“விசாரித்தாயிற்று, பிறகு என்ன செய்வது” என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். என் மகள் சிறு பிள்ளையாக இருந்தபோது காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆண்டுக் கணக்கு முடிக்கிற சமயம். அலுவலகத்தில் பலர் வந்து, ஏதாவது உதவி வேண்டுமானால் சொல்லுங்கள் என்றார்கள். மனதாரச் சொன்னவர்கள்தான். ஆனால் எனக்கு என்ன வேண்டும் என்று யோசித்து, அதை ஒருவரிடம் கேட்பதற்கு அன்று எனக்குத் தெம்பு இல்லை. சரி, சரி என்று தலையாட்டினேன்.

ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒரு பெரியவர் எங்கள் பிரிவில் இருந்தார். அவர் என் மேசைக்கு வந்து, “பேங்க் கணக்கு ஒத்துப் பார்க்கிறது எதுவரைக்கும் முடிஞ்சிருக்கு? அந்த ஃபைலை இப்படிக் குடுங்க. ஆடிட்டர் கேட்டா நான் பேசிக்கிறேன். நீங்க கிளம்புங்க தம்பி” என்றார். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் சாயங்காலம் ஒரு குறுஞ்செய்தி வந்தது. சில பதிவுகள் ஒத்துவரவில்லை, நீங்கள் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை, பாப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கியதா என்று கேட்டிருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அதைப் படித்தபோதுதான் மூச்சே சீராக வந்தது.

அவர் தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர் என்று எனக்குத் தெரியும். என் மகளுக்காக இரவு தோறும் குடும்ப ஜெபத்தில் ஜெபித்தார் என்பது அவர் ஓய்வுபெற்ற நாளில் அவர் மனைவி சொல்லித்தான் தெரியவந்தது. அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை.

அன்றிலிருந்து நானும் அதே மாதிரிதான் செய்ய முயற்சி செய்கிறேன். “என்ன உதவி வேண்டும்” என்று பொதுவாகக் கேட்பதைக் குறைத்துக்கொண்டு, ஒரு வேலையின் பெயரைச் சொல்லிக் கேட்கிறேன். வியாழக்கிழமை மீட்டிங்குக்கு உங்களுக்குப் பதிலாக நான் போகட்டுமா? சனிக்கிழமை ஷிப்டை மாற்றிக்கொள்ளலாமா? இன்ஷூரன்ஸ் படிவத்தை நான் நிரப்பித் தருகிறேன், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுகிறீர்களா? இப்படிக் கேட்டால் கஷ்டத்தில் இருப்பவர் ஆமாம் அல்லது வேண்டாம் என்று சொன்னால் போதும்.

பிப்ரவரி 6, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய வேலையை நாம் எடுத்துச் செய்யும்போது, அவரால் முடியவில்லை என்ற பேச்சு மேலிடத்தில் வந்துவிடக்கூடாது. அந்தப் பெரியவர் அறிக்கையை அனுப்பும்போது தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயரைத்தான் போட்டிருந்தார். உதவி செய்கிறேன் என்று போய் ஒருவரின் பதவி உயர்வுக்கு உலை வைத்துவிட்டால் அது என்ன உதவி?

பிப்ரவரி 11

நர்ஸாக இருக்கும் ஒரு சகோதரி: “என்னோடு வேலை செய்கிறவர் அழுகிறார். அந்த இடத்திலேயே தலையில் கை வைத்து ஜெபிக்கலாமா?”

கேளுங்கள் சகோதரி. “உங்களுக்காக ஜெபிக்கட்டுமா, உங்களுக்குச் சம்மதமா” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். சம்மதம் என்றால், இப்போதேவா அல்லது நான் வீட்டில் ஜெபிக்கட்டுமா என்றும் கேளுங்கள். இப்போதே என்றால் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்குப் போய், மெல்லிய குரலில், இரண்டு மூன்று வாக்கியத்தில் முடியுங்கள். அவர் உங்களிடம் சொன்ன கவலையை மட்டும் கர்த்தரிடம் சொல்லுங்கள். ஜெபத்துக்குள்ளே அவருக்குப் புத்திமதியும் பிரசங்கமும் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டிருக்கிறவரால் அதற்குப் பதில் பேச முடியாது. தொடுவதற்கும் சம்மதம் கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால், “பரவாயில்லை, நான் இங்கே இருக்கிறேன்” என்று சொல்லிவிட்டு உண்மையாகவே அங்கே இருங்கள்.

என் அனுபவத்தில் வேறு மதத்தவர் பெரும்பாலும் மறுப்பதில்லை. மறுத்தவர்களோடும் நட்பு கெட்டதில்லை, கேட்டுவிட்டுத்தானே செய்கிறோம்.

பிப்ரவரி 12

நேற்றைய குறிப்பு சமமான நிலையில் இருப்பவர்களுக்குப் பொருந்தும். சூப்பர்வைசர், டீம் லீடர், முதலாளி என்று மேலே இருப்பவர்கள் இன்னும் நிதானமாக இருக்க வேண்டும். சம்பள உயர்வு உங்கள் கையெழுத்தில் இருக்கும்போது, “ஜெபிக்கட்டுமா” என்று நீங்கள் கேட்டால் அவர் எப்படி மறுப்பார்? அவர் தலையாட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மேலே இருப்பவர் தனியறையில் ஜெபிக்கட்டும். அவர் அதிகாரத்துக்குள் இருப்பதை வைத்து அன்பைக் காட்டட்டும்: லீவு, நேர மாற்றம், முன்பணம், ஒரு மாதத்துக்கு டார்கெட்டைக் குறைப்பது.

ரூத் 2-இல் வயலின் சொந்தக்காரனான போவாசைப் பாருங்கள். வயலுக்கு வந்ததும் அறுக்கிறவர்களைக் கர்த்தரின் பெயரால் வாழ்த்துகிறான், அவர்களும் அப்படியே பதில் வாழ்த்துச் சொல்கிறார்கள். அத்தோடு அவன் நிற்கவில்லை. அந்நிய தேசத்திலிருந்து வந்த விதவைப் பெண்ணை யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்று வேலைக்காரர்களுக்குக் கட்டளையிடுகிறான். தாகம் எடுத்தால் அவர்கள் மொண்டு வைத்த தண்ணீரைக் குடிக்கலாம் என்று அவளிடம் சொல்கிறான். அவள் பொறுக்குவதற்கு அரிகளிலிருந்து வேண்டுமென்றே சிலவற்றைச் சிந்திவிடுங்கள், அவளை அதட்டாதிருங்கள் என்று ஏற்பாடு செய்கிறான். அவள் உழைத்துச் சம்பாதித்தாள் என்ற மரியாதையும் கெடவில்லை, வீட்டுக்கு வெறுங்கையோடு போகவும் இல்லை. மேலதிகாரியாக இருக்கும் கிறிஸ்தவர் ஒருவர் இந்த ஒரு அதிகாரத்தை வருஷம் முழுக்கத் தியானித்தாலும் தகும்.

லூக்கா 7-இல் வரும் நூற்றுக்கதிபதியும் அப்படித்தான். தன் வேலைக்காரன் சாகக் கிடக்கிறான் என்று யூத மூப்பர்களைத் தூது அனுப்புகிறான், பிறகு சிநேகிதரை அனுப்புகிறான். நூறு பேருக்கு அதிகாரி, ஒரு வேலைக்காரனுக்காக இத்தனை பேரிடம் கேட்டு நிற்கிறான்.

பிப்ரவரி 20

இதைக் கொஞ்சம் வருத்தத்தோடு எழுதுகிறேன். ஒரு பெண் தன் திருமண வாழ்க்கையில் இருந்த பிரச்சினையை அலுவலகத்தில் ஒரு விசுவாசியிடம் சொல்லியிருக்கிறார். அந்த விசுவாசி அதை ஜெபக் குறிப்பாக ஜெபக் குழுவில் போட்டார். பெயர் போடவில்லை. ஆனால் பிரிவு, வயது, எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் இருந்தது. அந்தக் குழுவில் எங்கள் அலுவலகத்தார் வேறு சிலரும் இருந்தார்கள். ஒரு வாரத்துக்குள் லிஃப்ட் வரைக்கும் பேச்சு வந்துவிட்டது. அந்தப் பெண் பிறகு யாரிடமும் மனம் திறந்து பேசியதாகத் தெரியவில்லை.

ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் போனாலும் புறங்கூறுதல் புறங்கூறுதல்தான். ஒருவர் உங்களிடம் சொன்னதை ஜெபத்துக்காகவே ஆனாலும் வேறொருவரிடம் சொல்ல, சொன்னவரின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லையென்றால் “ஒரு நண்பருக்காக” என்பதோடு நிறுத்துங்கள். விவரம் சொல்லாததால் அந்த ஜெபம் கர்த்தருக்குக் கேட்காமல் போய்விடாது.

பிப்ரவரி 21

சரி, கனமான பேச்சுக்கு நடுவில் ஒன்று. நீதிமொழிகள் 27:14 வாசித்திருக்கிறீர்களா? அதிகாலையில் எழுந்து உரத்த சத்தமாகத் தன் சிநேகிதனை ஆசீர்வதிக்கிறவனைப் பற்றியது. அது சாபமாக எண்ணப்படும் என்று இருக்கிறது! நேற்று வீட்டில் இதை வாசித்தபோது என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். காலை வணக்கச் செய்தி அனுப்பும் நாம் எல்லாரும் அந்த வசனத்தைப் போனில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

மார்ச் 2

வேலை போன ஒரு சகோதரர் எழுதியிருப்பதை இங்கே சொல்கிறேன். ஆட்குறைப்புப் பட்டியலில் அவர் பெயர் வந்த அன்று மாலை, பழைய சக ஊழியர் ஒருவர் சங்கீதம் 34:18-ஐ அனுப்பியிருக்கிறார். நொறுங்குண்ட இருதயமுள்ளவர்களுக்குக் கர்த்தர் சமீபமாயிருக்கிறார் என்ற வசனம். அதை மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வாசித்தேன் என்கிறார்.

ஆகவே முதல் நாள் நான் எழுதியதை, வசனமே அனுப்பாதீர்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவருக்கு, அவர் நிலை தெரிந்து, அவரும் அதை வரவேற்பார் என்று தெரிந்து அனுப்பும் வசனம் வேறு. அந்தச் சகோதரர் ஏற்கெனவே விசுவாசி. அனுப்பியவர் அவரோடு பல வருஷம் வேலை செய்தவர். இன்னொன்றையும் அவர் எழுதியிருக்கிறார், அதை விட்டுவிடாதீர்கள்: வசனம் அனுப்பியவர் அடுத்த வாரம் போன் பண்ணி பயோடேட்டாவைத் திருத்திக் கொடுத்தார், தனக்குத் தெரிந்த இரண்டு நிறுவனங்களில் இவருக்காகப் பேசினார்.

வேலை போனவரை நாம் தெரியாமலே ஒதுக்கிவிடுகிறோம். என்ன பேசுவது என்று கூச்சம், அடுத்தது நாமோ என்ற பயம். அலுவலக ஈமெயில் முடக்கப்பட்ட நாளோடு அந்த மனிதரே மறைந்துவிடுகிறார். கடைசி நாளன்று அவருடைய சொந்த நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். பத்து நாள் கழித்துக் கூப்பிடுங்கள். முதல் சில நாள் எல்லாரும் கூப்பிடுவார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் வேதத்திலேயே இருக்கிறது. நீதிமொழிகள் 25:20, மனதுக்கமுள்ளவனிடம் பாட்டுப் பாடுவது குளிர்காலத்தில் ஒருவன் வஸ்திரத்தைக் களைவது போல என்கிறது. வேலை போனவரிடம், “கர்த்தர் இதைவிட நல்ல வேலை வைத்திருக்கிறார்” என்று அன்றைக்கே சொல்லாதீர்கள். வைத்திருக்கலாம். அவருக்கு இந்த மாத வாடகைதான் கண்முன் நிற்கிறது.

மார்ச் 3

கொஞ்சம் விலகிப் போகிறேன். “நான் சாதாரண ஊழியன், பாஸ்டரும் இல்லை, என்னால் என்ன ஆகும்” என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். தம்பி, ஒய்.எம்.சி.ஏ. எப்படி ஆரம்பித்தது தெரியுமா? ஜார்ஜ் வில்லியம்ஸ் லண்டனில் ஒரு துணிக்கடை ஊழியர். அந்தக் காலத்தில் கடைப் பையன்கள் கடையின் மாடியிலேயே நெருக்கியடித்துத் தங்கி, காலை முதல் இரவு வரை வேலை செய்தார்கள். ஊரை விட்டு வந்த இளைஞர்கள், கேட்பாரில்லை. அவர் தன்னோடு தங்கியிருந்தவர்களைச் சேர்த்து ஜெபிக்கவும் வேதம் வாசிக்கவும் தொடங்கினார். அதிலிருந்துதான் 1844 ஜூன் 6 அன்று அந்தச் சங்கம் பிறந்தது. அப்போது அவருக்கு வயது 22. பாஸ்டரோ முதலாளியோ தொடங்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன் எப்படி இருக்கிறான் என்று தெரிந்த ஒரு ஊழியர் தொடங்கினார்.

பெல்ஜியத்தில் ஜோசப் கார்டைன் என்ற குருவானவர் 1925-இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை அமைத்தபோது சொன்ன முறையும் இதோடு சேர்வது. முதலில் பார், பிறகு சீர்தூக்கிப் பார், அதன்பின் செயல்படு. நாம் பல நேரம் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறோம்.

மார்ச் 15

ஒரு சகோதரி தன் தோழியைப் பற்றி எழுதியிருக்கிறார். மேலதிகாரி ஒருவர் அந்தத் தோழியிடம் தவறாக நடந்துகொள்கிறார். “பொறுமையாயிரு, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லித் தேற்றினேன், சரிதானா?”

சரியில்லை, சகோதரி. உங்கள் அன்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் அநியாயத்தைத் தாங்கிக்கொள்ளச் சொல்வதற்கு ஆறுதல் என்று பெயர் இல்லை. கூலிக்காரனின் கூலியைப் பொழுது போகுமுன் கொடுத்துவிடு என்று உபாகமம் 24:15 சொல்கிறது. கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது கர்த்தரின் செவிகளில் விழுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. வேலை செய்கிறவனுக்கு நடக்கும் அநியாயத்தைக் கர்த்தர் இவ்வளவு கோபத்தோடு கேட்கிறார், நாம் பொறுத்துக்கொள் என்கிறோம்.

தோழியிடம் முதலில் நம்புகிறேன் என்று சொல்லுங்கள். நடந்ததைத் தேதி நேரத்தோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள், வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். புகார்க் குழுவுக்குப் போவதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். போகிறார் என்றால் கூடப் போங்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். விசாரணைக்குப் பிறகு மற்றவர்கள் அவரோடு பேசத் தயங்கும் நாட்கள் வரும், அப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

மார்ச் 16

தனிச் செய்தியில் ஒருவர் கேட்டது, பொதுவாகப் பதில் சொல்கிறேன். கூட வேலை செய்பவர், “நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நிம்மதி” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

இதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். வீட்டாருக்குச் சொல்லுங்கள், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ரகசியம் காப்பது பற்றி முன்பு எழுதினேன். உயிருக்கு ஆபத்து என்றால் அந்த விதி பொருந்தாது.

“விசுவாசம் இருந்தால் இப்படித் தோன்றுமா” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தீர்க்கதரிசியான எலியா சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றான். கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார். தூதன் வந்து தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூக்கம், மறுபடியும் சாப்பாடு. பேச்சு அதற்கு வெகுநாள் கழித்து ஓரேபில்தான். அதன்பின் எலிசா என்ற ஒரு துணையும் கிடைத்தான். 1 இராஜாக்கள் 19, முழு அதிகாரத்தையும் வாசியுங்கள்.

மார்ச் 27

பாராட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். ரோமர் 16-ஐ நாம் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிப் போகிறோம். பவுல் அதில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். சும்மா பெயர் மட்டும் இல்லை. இவள் எனக்கும் அநேகருக்கும் ஆதரவாயிருந்தாள், இவர்கள் என் பிராணனுக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்தார்கள், இவள் கர்த்தருக்குள் மிகவும் பிரயாசப்பட்டாள் என்று யார் என்ன செய்தார்கள் என்பதும் இருக்கிறது. நிருபத்தை எழுதிக்கொடுத்த தெர்தியுவுக்குக் கூட அதில் ஒரு வசனம் கிடைத்தது.

“நல்லா பண்ணீங்க” என்பது அடுத்த நிமிஷம் மறந்துபோகும். “அந்த பில்லில் வரி இரண்டு முறை ஏறியிருந்ததை நீங்கள் கவனித்ததால்தான் வாடிக்கையாளரிடம் தலைகுனியாமல் தப்பித்தோம்” என்பதை மனிதர் வீட்டுக்குப் போய்ச் சொல்வார். முடிந்தால் அவருடைய மேலதிகாரி இருக்கும்போது சொல்லுங்கள். தரை துடைப்பவர், இரவுக் காவலர், டிரைவர் இவர்களுக்கும் இதே அளவு விவரத்தோடு சொல்லுங்கள். அவர்கள் வேலை நன்றாக இருக்கும்வரை அது யார் கண்ணிலும் படுவதில்லை.

ஏப்ரல் 9

இன்று வந்த கேள்வி: “என் பக்கத்து இருக்கைப் பெண்ணின் கணவர் விபத்தில் இறந்துவிட்டார். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறார். என்ன பேசுவது என்றே தெரியவில்லை.”

அவர் வருவதற்கு முன்பே மேனேஜரிடம் பேசி, முதல் வாரம் வாடிக்கையாளர் அழைப்புகள் அவருக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேங்கிக் கிடக்கும் ஈமெயிலில் எது அவசரம் என்று பிரித்து வைத்துவிடுங்கள். காலையில் வந்ததும், “வந்துட்டீங்களா, உங்களை நினைச்சுக்கிட்டே இருந்தேன்” என்றால் போதும். காரணம் சொல்லாதீர்கள், கர்த்தருடைய சித்தம் என்று விளக்காதீர்கள். பிள்ளைகளை இழந்த யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் செய்ததில் நல்லது அதுதான். வாயைத் திறந்தபிறகுதான் யோபுவின் வேதனை கூடியது.

கணவர் பெயர் தெரிந்தால் பெயர் சொல்லிப் பேசலாம். பெயரைச் சொன்னால் அழுவாரோ என்று பயந்து எல்லாரும் அதைத் தவிர்ப்பார்கள், அதுவே ஒரு தனிமை. அழுதால் அழட்டும், பக்கத்தில் இருங்கள். பேச விருப்பமில்லாமல் வேலையைப் பற்றி மட்டும் பேசினால் நீங்களும் வேலையைப் பற்றியே பேசுங்கள். சிலருக்கு அலுவலகத்தின் எட்டு மணி நேரம்தான் துக்கத்திலிருந்து கிடைக்கும் ஓய்வு.

பி.எஃப்., இன்ஷூரன்ஸ், வங்கி நாமினி மாற்றம் என்று அலைச்சல் பல மாதம் இருக்கும். அதில் ஒன்றிரண்டுக்குக் கூடப் போய் வர முடியுமா என்று பாருங்கள். அவருடைய திருமண நாள் எப்போது என்று யாரிடமாவது கேட்டு, உங்கள் போன் காலண்டரில் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் அலுவலகம் பழைய ஓட்டத்துக்குத் திரும்பியிருக்கும்.